டோனாவூரும் வேலூரும்

நித்திய நோக்கத்தோடு வாழ்வதைப் பற்றி நம் சபைகளில் நிறையப் பேசுகிறோம். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறவர் நித்தியத்துக்காக வாழ்கிறவர், மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ இருப்பவர் இம்மைக்காக உழைப்பவர் என்ற எண்ணத்தில்தான் அந்தப் பேச்சு பெரும்பாலும் போய் முடிகிறது. இந்தப் பிரிவினை எத்தனை தவறானது என்று அறிய, தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து இங்கேயே கண்மூடிய இரண்டு பெண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். டோனாவூரில் அடைக்கலம் புகுந்த பிள்ளைகளுக்கு அம்மையாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனெரி மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. இருவரும் ஒரே ஆண்டவரை நம்பினார்கள். ஆனால் அந்த நம்பிக்கையை வாழ்ந்து காட்டிய விதத்தில் வடக்கும் தெற்குமாக நின்றார்கள்.

இருவருக்கும் அழைப்பு வந்த விதத்தை முதலில் பார்ப்போம். ஏமி பதின்பருவத்தில் இருந்தபோது, பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கந்தலுடுத்திய ஒரு கிழவி பெரிய மூட்டையோடு தள்ளாடி வந்தாள். ஏமியும் தம்பிமாரும் அவளுக்குக் கைகொடுத்தார்கள். கோயிலிலிருந்து வந்த கௌரவமான கூட்டம் பார்க்கிறதே என்று மூவருக்கும் கூச்சம். அந்த நேரத்தில், ஒருவன் கட்டியது பொன்னா வைக்கோலா என்பதை அக்கினி சோதிக்கும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதி ஏமியின் மனதில் தைத்தது. நித்தியத்துக்கு நிலைக்காத எதற்கும் இனி தன் வாழ்வில் இடமில்லை என்று அன்று முடிவுசெய்தார்.

ஐடாவோ ஊழியத்தை விரும்பவே இல்லை. சிறுவயதில் கண்ட பஞ்சமும் நோயும் அவரை இந்த நாட்டிலிருந்து விரட்டியிருந்தன. 1890-களின் தொடக்கத்தில், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தவர், சீக்கிரமே அமெரிக்கா திரும்பிவிடும் எண்ணத்தில் இருந்தார். ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். இருவர் உயர்சாதி இந்துக்கள், ஒருவர் இஸ்லாமியர். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். “அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள்” என்று ஐடா சொல்லிப் பார்த்தார். அந்நிய ஆண் தொட்டுப் பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா மருத்துவம் படிக்கப் புறப்பட்டார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பி வந்தார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒன்றுதான். இருவரும் பரலோகக் காட்சி எதையும் காணவில்லை. ஒருவர் பெயர் தெரியாத ஒரு கிழவியைக் கண்டார். மற்றவர் முகம்கூடப் பார்த்திராத மூன்று பெண்களின் சாவுச் செய்தியைக் கேட்டார். உலகம் கணக்கிலேயே சேர்க்காத ஓர் உயிரை, தேவன் என்றென்றைக்குமாகப் படைத்த உயிர் என்று கருதத் தொடங்கிய கணத்தில் இருவருடைய வாழ்வும் திரும்பியது.

பாதை பிரிவது இதற்குப் பிறகுதான். ஏமி நெல்லைச் சீமையில் மற்ற மிஷனெரிகளைப்போல ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் கேட்டாள். அதன்பின் ஏமியின் ஊழியம் பால் காய்ச்சுவதும் துணி துவைப்பதும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையருகே விழித்திருப்பதுமாக மாறியது. பிரசங்கியாக வந்தவர் செவிலித்தாய் ஆகிவிட்டாரே என்று குறைசொன்னவர்களும் உண்டு. கோயிலுக்குப் பெண் குழந்தைகளை விடும் தேவதாசி மரபு இசைக்கும் நடனத்துக்கும் செய்த தொண்டை இன்று பலர் எடுத்துச் சொல்கிறார்கள். அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்ற உண்மையும் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்த வழக்கம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது.

வேலூரில் ஐடா 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்தார். குடியாத்தம் சாலையில் வண்டியை ஓட்டிப் போய், மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். ஒரு மருத்துவர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். முதல் அணியில் 14 பேர் 1922-ல் தேறி வெளியே வந்தார்கள்.

பணம் என்று வந்தபோது இருவரும் நேர் எதிர். ஏமி யாரிடமும் கேட்டதில்லை. தேவை இருப்பதை ஜெபத்தில் சொன்னதோடு சரி. 1895-ல் இந்தியா வந்தவர் ஒருமுறைகூடச் சொந்த நாடு திரும்பவில்லை. ஐடாவோ கடல் கடந்து போய், அமெரிக்கச் சபைகளிலும் பெண்கள் சங்கங்களிலும் நின்று வெளிப்படையாகக் கேட்டார். இவற்றில் ஒன்றுக்கு விசுவாசம் என்றும் மற்றொன்றுக்கு உலகத் தந்திரம் என்றும் பெயர் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்காமல் இருப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டுமோ, மறுப்பைக் கேட்டுக் கேட்டு மீண்டும் அடுத்த வாசலில் நிற்பதற்கும் அவ்வளவு வேண்டும்.

இருவருடைய வாழ்வின் மிகக் கடினமான பகுதி கடைசியில்தான் வந்தது. 1931 அக்டோபரில் ஏமி களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறையும் படுக்கையுமே அவருக்கு மிஞ்சின. ஓடியாடிப் பிள்ளைகளை வளர்த்த பெண்ணால் அவர்களிடம் நடந்துபோக முடியவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்களை எழுதினார். பிள்ளைகளுக்குச் சிறு சிறு கடிதங்கள் அனுப்பினார். 1951-ல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே கல்லறையில் நினைவுக்கல் நடவில்லை. பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியை வைத்து, அதில் ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தார்கள்.

ஐடாவுக்கு உடல் கடைசிவரை ஒத்துழைத்தது. அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது தன் கனவை. 1930-களின் இறுதியில் அரசு பழைய மருத்துவப் படிப்பை நிறுத்தி, பல்கலைக்கழகப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. பள்ளியை மூடுவதா, கல்லூரியாக உயர்த்தி ஆண்களையும் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. பெண்களுக்கென்றே கொடுத்துவந்த அமெரிக்க ஆதரவாளர்களில் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். திண்டிவனத்து இரவில் பிறந்த நோக்கத்தையே ஐடா கைவிடுகிறார் என்பது அவர்கள் மனக்குறை. எழுபது வயதை எட்டிய ஐடா, எல்லா மிஷன்களும் சேர்ந்து நடத்தும் பொதுக் கல்லூரிக்குச் சம்மதித்தார். அதற்காக மீண்டும் நிதி திரட்டவும் போனார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கின. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். ஐடா ஓய்வுபெற்றுக் கொடைக்கானலில் வாழ்ந்து 1960-ல் அங்கேயே மறைந்தார்.

இரண்டையும் எடைபோடச் சொன்னால், ஐடாவின் ஒப்புக்கொடுத்தல்தான் கூடுதல் அரிது என்பேன். நோய் வந்து கையைக் கட்டும்போது அடங்குவதும் பெரிய கிருபைதான். ஆனால் உடலில் பலமும் கையில் அதிகாரமும் இருக்கும்போதே, தான் கட்டியதை வேறு உருவத்தில் பிறரிடம் தருவதற்கு, அது முதலிலிருந்தே தன்னுடையது அல்ல என்ற தெளிவு வேண்டும். டோனாவூர் ஏமியின் நிழலிலேயே வளர்ந்தது. உள்ளே கட்டுப்பாடும் வெளியுலகத்திடமிருந்து இடைவெளியும் அதிகம். அந்த அரவணைப்பு பல பிள்ளைகளின் உயிரைக் காத்தது என்பதும் உண்மை.

ஐடாவின் அந்தத் தெளிவை மனதில் வைத்து, நம் சபைகளையும் ஊழிய நிறுவனங்களையும் இன்று நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வருகிற ஆண்டுக் கூட்டத்தில் கட்டடத்துக்கு யார் பெயர் வைப்பது என்று பேசும் முன், உங்களுக்குப் பிறகு பொறுப்பேற்கப் போகிறவர் உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறாரா என்று தேடுங்கள். அவரை இப்போதே பக்கத்தில் அமர்த்தி, வேலையைக் கையில் கொடுங்கள்.