டிராகுலா வராத பக்கங்கள்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகள் கல்லூரியில் 'டிராகுலா' நாவல் படிக்கிறாளாம். "டீச்சர், பேருதான் டிராகுலா. முதல் நாலு அத்தியாயத்துக்கு அப்புறம் அந்த ஆளு எப்பவாவதுதான் தலை காட்டுறான். ஏன்னு கேக்குறா" என்றாள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாழடைந்த கோட்டை, இருட்டு, பயம் என்று போகும் கதைகளை ஆங்கிலத்தில் காதிக் நாவல் என்பார்கள். 1764 கடைசியில் வெளிவந்த ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை'தான் இதற்குத் தொடக்கம். 1794-ல் ஆன் ராட்கிளிஃபின் 'உடால்ஃபோ மர்மங்கள்' வந்தது. இவற்றில் கோட்டை வில்லன் கையில் இருக்கும். மற்றவர்கள் அவன் கண்ணெதிரே நடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

1897-ல் பிராம் ஸ்டோக்கர் வேறு வழியில் போனார். அயர்லாந்துக்காரர், லண்டன் லைசியம் நாடக அரங்கின் மேலாளர். அவர் நாவல் முழுக்க டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்திதான். வில்லனுக்கு டைரி இல்லை. அவன் வந்துபோன பிறகு மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கதை.

மூன்று வருகைகளைப் பாருங்கள்.

முதலாவது, கோட்டையில். வீடு விற்கும் வேலையாக டிரான்சில்வேனியா போன இளம் வக்கீல் ஜோனதன் சவரம் செய்கிறான். பின்னால் நிற்கும் பிரபு கண்ணாடியில் தெரியவில்லை. பிரபு கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிகிறான். தான் கைதி என்று ஜோனதனுக்கு அன்றுதான் புரிகிறது. தப்பி வந்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவன், தன் டைரியை மினாவிடம் கொடுத்து, "படித்தாலும் என்னிடம் அதைப் பற்றிப் பேசாதே" என்கிறான். அவளும் பிரிக்காமல் முத்திரை வைத்துவிடுகிறாள். பயம் முதலில் வாயைக் கட்டுகிறது.

இரண்டாவது, லண்டன் பிக்கடில்லி தெருவில். பிரபுவைப் பட்டப்பகலில் பார்த்து ஜோனதன் ஆடிப்போகிறான். அதன் பிறகே மினா டைரியைப் பிரிக்கிறாள். தட்டச்சுப்பொறியில் ஏற்றுகிறாள். எல்லாருடைய குறிப்புகளையும் தேதிவாரியாக அடுக்கியதும்தான் எதிரி யார், எங்கே இருக்கிறான் என்பது தெளிவாகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். இவ்வளவும் செய்த மினாவை, "பெண், தாங்க மாட்டாள்" என்று ஆண்கள் ஒதுக்குகிறார்கள். அவர்கள் வெளியே வேட்டைக்குப் போன இரவில் பிரபு அவளிடம் வருகிறான். அவள் வெளிறிப்போவதைக் களைப்பு என்று நினைக்கிறார்கள். அவளும் அவர்களைக் கலங்கடிக்க வேண்டாம் என்று கெட்ட கனவை மறைக்கிறாள். இரண்டு பக்கமும் அன்புதான். அந்த மௌனத்துக்குள் அவன் நுழைந்துவிட்டான். உண்மை தெரிந்த இரவில் ஜோனதனின் தலைமுடி நரைக்கிறது. இனி எவ்வளவு வலித்தாலும் மினாவிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்கிறார்கள். கடைசியில் பிரபு எந்த ஆற்று வழியாகத் தப்புகிறான் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள்தான்.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், வரும் வழியில் ஒருவன் மாணவிகளுக்குத் தொல்லை கொடுப்பது ஆசிரியர்களுக்குத் தெரியவந்தது. "பிள்ளைகள் பயந்துவிடும், சொல்ல வேண்டாம்" என்று முடிவெடுத்தோம். நானும் தலையாட்டினேன். அடுத்த வாரமே இன்னொரு பெண் அழுதுகொண்டு வந்தாள். அவளை அன்று எச்சரித்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

மகளிடம் சொல்லம்மா: டிராகுலா வராத பக்கங்களைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று பார்த்தால், அவன் அடுத்து எங்கே வருவான் என்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்