உரை மாறிய படச்சுருள்கள்

திருக்குறளுக்கு மணக்குடவரும் உரை எழுதினார். பரிமேலழகரும் உரை எழுதினார். மூலம் ஒன்றுதான். உரை மாறும்போது பொருளும் சற்றே இடம் மாறி உட்கார்ந்துவிடுகிறது. தமிழ் படிப்பிக்கிற எவரும் தொழிலுக்கு வந்த முதல் வருடமே தெரிந்துகொள்ளும் சங்கதி இது. ஏட்டுக்கும் நூலுக்கும் மாத்திரமே இது பொருந்தும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். போர்க்காலத்துப் படச்சுருள்களைத் தேடித் தேடிப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் கலைந்துபோயிற்று.

2014ஆம் ஆண்டில் பிரித்தானியப் பதே நிறுவனம் தன் களஞ்சியத்தில் கிடந்த ஏறத்தாழ 85,000 படங்களை யூடியூபில் எல்லோரும் பார்க்கும்படி விட்டது. 1910 முதல் 1970 வரை திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன்னால் சில நிமிடங்கள் ஓடிய செய்திப்படங்கள் இவை. உலகமெல்லாம் வந்துபோகும் அந்தப் படங்களில் நம் இலங்கையும் எட்டிப்பார்க்கிறது. துறைமுகம், போர்க்கப்பல், பட்டாளத்தின் அணிவகுப்பு. 1944இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்த மவுண்ட்பேட்டன் பிரபு. 1948 பெப்ரவரியில் சுதந்திர விழாவுக்கு வந்த குளொஸ்டர் கோமகன். 1954இல் வந்த எலிசபெத் மகாராணி. பெரிய மனிதர்கள் வந்த இடத்துக்கெல்லாம் கமராவும் வந்திருக்கிறது.

இந்தச் செய்திப்படங்கள் உருவான விதத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். களத்தில் நின்றவர் பெரும்பாலும் படத்தை மட்டுமே பிடித்தார். சுருள் லண்டனுக்குப் போயிற்று. அங்கே ஒருவர் வெட்டினார், ஒருவர் ஒட்டினார், இன்னொருவர் வர்ணனை எழுதினார், வேறொருவர் கம்பீரமான குரலில் அதை வாசித்தார். பின்னணியில் பாண்டு வாத்தியம் சேர்ந்துகொண்டது. வர்ணனை எழுதியவர் இந்த மண்ணை மிதித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூலம் இங்கிருந்து போனது. உரை அங்கே பிறந்தது.

மிக உயர்ந்த படங்களிலும் இது நடந்திருக்கிறது. 1934இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற ஆவணப்படம் தேயிலைக்கு விளம்பரம் தேடும் சபையொன்றின் பணத்தில் உருவானது. ஆனாலும் அதைக் கவிதை என்றே சொல்லலாம்; நான் பலமுறை பார்த்து வியந்த படம். அதன் வர்ணனையில் பெரும்பகுதி றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. லயனல் வென்ற் அதை வாசித்தார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய உரையை எடுத்து, கண்முன்னே உயிரோடு நடமாடிய மனிதர்களுக்கு ஒட்டிவிட்டார்கள். இதில் இன்னுமொரு வேடிக்கை: நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டது மூதூருக்கு அண்மையில், கொட்டியாரக் குடாவில். கிழக்குக் கரையில் சிறைப்பட்ட ஒருவனின் சொற்கள் அந்தப் படத்தில் ஒலிக்கின்றன. ஆனால் தென்கிழக்கில் நம்முடைய கரைவாகும் நிந்தவூரும் அதில் இல்லை.

பதேயின் படங்கள் வெளிவந்த சில மாதங்களுக்குப் பின், மருதமுனையில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். ஊரில் எல்லோரும் அவரை ஹாஜியார் என்றே அழைப்பர். எண்பதைத் தாண்டியவர், கைத்தறியில் வாழ்நாளைக் கழித்தவர். போர்க்காலத் துறைமுகக் காட்சி ஒன்றை ஓடவிட்டேன். கப்பல்களின் பெருமையை ஆங்கிலக் குரல் அடுக்கிக்கொண்டே போயிற்று. அவர் கையை உயர்த்தினார்.

“மாஸ்டர், இந்த ஆள்ர சத்தத்தக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. அவன் கதைக்கக் கதைக்க எனக்குப் படம் தெரியிதில்ல.”

சத்தத்தை நிறுத்தினேன். மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டேன். போர்க்கப்பலை அவர் பார்க்கவேயில்லை. ஓரத்தில், ஒருசில விநாடிகள் மாத்திரம் தெரிந்து மறையும் மூட்டை சுமக்கும் ஆட்களிடம் கண்ணை வைத்துக்கொண்டார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

“அந்தா அங்கால நிக்கிறவன்ட சாரனப் பாருங்க. அது மில் சாரன் இல்ல, தறிச் சாரன். விழுந்திருக்கிற விதம் வேற. மடிச்சுக் கட்டியிருக்கிறதும் மூட்டைக்காரன்ட கட்டு.”

நான் அந்தப் படத்தைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருந்தேன். எனக்குச் சாரன் தெரியவில்லை. வர்ணனையாளர் சொன்ன கப்பலின் பெயர்தான் தெரிந்திருந்தது.

பேச்சு அப்படியே 1942க்குப் போயிற்று. அந்த வருடம் ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. அன்று காலையிலேயே மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதற் கப்பல் அது. அன்று அதன் தளத்திலோ ஒரு விமானமும் இல்லை. 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் ‘வம்பயர்’ உம் தாண்டது. ‘வீற்றா’ என்ற வைத்தியசாலைக் கப்பல் அறுநூறு பேரளவில் மீட்டெடுத்தது. ஹேர்மிஸ் சரிந்து புகையும் அந்தப் புகைப்படம் இன்றும் போர் வரலாற்று நூல்களில் அச்சாகிறது. அது யப்பானிய விமானத்திலிருந்து எடுக்கப்பட்டது. வானத்திலிருந்து பார்த்த பார்வை.

கரையிலிருந்து பார்த்த பார்வை ஹாஜியாரிடம் இருந்தது. அப்போது அவருக்குப் பத்து வயது. மழையில்லாத வானத்தில் கடல் இடித்த சத்தம். தோணிகளை இழுத்து மேட்டில் போட்ட ஆட்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேற்கே வயல்வாடிக்குப் போன குடும்பங்கள். பக்கத்தூர்த் தமிழ்ச் சனமும் அதே வயல் பக்கமே ஓடிவந்ததாகவும், ஒரே வாடியில் இரண்டு அடுப்பு எரிந்ததாகவும் சொன்னார். குண்டைப்பற்றிச் சொன்னதிலும் பார்க்க அந்த இரண்டு அடுப்பைப்பற்றியே அதிகம் சொன்னார்.

பிறகு அரிசி. பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. நாடு முழுவதும் பங்கீடு வந்தது. கோதுமை மா நம் அடுப்படிக்குள் நிரந்தரமாகக் குடியேறியது அந்தக் காலத்தில்தான். “அண்டைக்குத்தான் கொழும்பானுக்கு எங்கட நெல்லுர அருமை தெரிஞ்சது” என்று ஹாஜியார் சிரித்தார். எந்தச் செய்திப்படத்தின் வர்ணனையிலும் இந்த வாக்கியம் கிடைக்காது.

வானொலியிலே இதைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடுவது நன்றன்று. இலங்கை வானொலிக்கும் அந்த யுத்தத்துக்கும் உறவுண்டு. கொழும்பில் வானொலி 1925இலேயே தொடங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் ஆசியாவெங்கும் கேட்ட ரேடியோ சிலோனின் வலிமை, மவுண்ட்பேட்டனின் படையினருக்காக நிறுவப்பட்டு, போருக்குப் பின் இலங்கை அரசுக்குக் கிடைத்த ‘ரேடியோ சியாக்’ ஒலிபரப்பியால் வந்தது. கருவி அவர்களுடையதாக இருந்தது. அதில் நம் குரலை ஏற்றிக்கொண்டோம். ஒலியில் செய்ததைப் படத்தில் செய்தவர் யாராவது உண்டா?

உண்டு, ஒருவர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார். தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். 1937 ஒக்டோபர் 2ஆம் திகதி, அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில், காந்தியடிகளைப்பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அன்று காந்தியின் பிறந்தநாள். புதிதாகப் படம்பிடிப்பதைவிட, முப்பது வருட காலத்தில் யார் யாரோ எங்கெங்கோ பிடித்துவைத்த துண்டுகளைத் தேடிச் சேர்ப்பதே அவர் வேலையாயிற்று. ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம். நூறளவு படப்பிடிப்பாளர்கள் எடுத்த 50,000 அடி படச்சுருள். அதிலிருந்து வடித்தெடுத்த 12,000 அடி. வெள்ளைக்காரனின் கமராவில் சிக்கிய காந்தியையும் அவர் விலைகொடுத்தோ கெஞ்சிக் கேட்டோ வாங்கினார். வாங்கிய மூலத்துக்குத் தமிழில் உரை எழுதுவித்தார். 1940 ஓகஸ்ட் 23ஆம் திகதி சென்னையில் அந்தப் படம் தமிழ் பேசிக்கொண்டு வெளிவந்தது. அப்போது யுத்தம் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அரசு பறித்துக்கொள்ளும் என்ற அச்சத்தில் படம் பின்னர் மறைத்துவைக்கப்பட்டது. இந்தியா சுதந்திரம் பெற்ற வேளையில் டில்லியில் மறுபடி திரையேறியது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதை உறுத்துவது. 1953இல் அமெரிக்காவில் அதே படத்தைச் சுருக்கி ஆங்கில வர்ணனையோடு வெளியிட்டார்கள். செட்டியார் 1983இல் காலமானார். பல வருடம் கழித்து வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிப்போனபோது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அகப்பட்டது அந்த ஆங்கில வடிவம். காந்தி நடக்கிறார், இராட்டை சுழல்கிறது, தமிழைக் காணவில்லை. தமிழன் சேர்த்த மூலத்துக்கே உரை மாறிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின்னர் நமக்கென்று கமரா வந்தது. 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தொழில் பார்த்த இடம் அது. ‘ரேகாவ’ எடுப்பதற்காகவே அவர் அதைவிட்டு விலகினார். தரமான படங்கள் பல அங்கே பிறந்தன. ஆனால் அரசாங்கத்தின் கமரா அரசாங்கம் காட்ட விரும்பியதைப் பார்த்தது என்பதில் வியப்பில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் படம்பிடிப்பதற்கென்றே அமைந்தது போன்ற ஒன்று: இங்கினியாகலையில் எழும் அணை, இராட்சத இயந்திரங்கள், டி.எஸ். சேனநாயக்கா, காணி பெற்ற குடியேற்றவாசிகள். ஆற்றின் கீழ்ப்புறத்தில் தலைமுறை தலைமுறையாக வயல் செய்த தமிழரும் முஸ்லிம்களும் அந்தச் சட்டகத்துக்கு வெளியே நின்றார்கள். 1956 யூனில், தனிச்சிங்களச் சட்டம் வந்த நாட்களில், அதே பள்ளத்தாக்கில் தமிழர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அணைக்கட்டுக்குக் கமரா வந்த கதையைப் பலர் சொல்வார்கள். அந்த நாட்களில் கமரா வந்ததாக ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

படச்சுருளை நிரந்தரமானதென்று எண்ணுவதும் பிழை. 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலும் பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். பற்றாவிட்டாலும் ஒட்டிப் பிசினாகிப் பொடியாகும். பின்னர் வந்த பாதுகாப்புச் சுருளும் வெக்கையில் வினாகிரி மணத்தோடு சுருங்கிப்போகும். அவற்றுக்குக் குளிரறை வேண்டும். குளிரறை இருக்கிற நாடுகளில் நம் முகங்கள் இருக்கின்றன.

நம்மிடம் இருந்தவை அல்பங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் ஏறியபோது ஆட்களோடு அவையும் போயின. என் அம்மாவின் கல்யாணப் படம் போயிற்று. ஹாஜியாரின் வாப்பா சேர்வானி உடுத்தி எடுத்த ஒரேயொரு படமும் போயிற்று. அன்று அந்த மூட்டைக்காரனை அவர் ஏன் அத்தனை நேரம் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. “வாப்பா போலக் கிடக்குது” என்று அவர் சொல்லவில்லை. “வாப்பாட வயசு இரிக்கும்” என்று மட்டும் சொன்னார்.

ஹாஜியார் இப்போது இல்லை. அவர் சொன்னவற்றைப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எழுதிவைத்திருக்கிறேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை அந்தத் துறைமுகக் காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுக்காட்டி, உரை எழுதச் சொல்வேன். பரீட்சைக்கு வராத வேலை என்று பெற்றோர் சிலர் முணுமுணுப்பதும் உண்டு. போன வருடம் ஒரு மாணவி, மூட்டைக்காரர்களுக்குப் பின்னால் தலையில் பெட்டியோடு கடந்துபோகும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தாள். ஹாஜியாரும் நானும் தவறவிட்ட பெண். பெட்டி பனையோலையா, பிரம்பா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நேயர்களின் வீடுகளில் யுத்தகாலத்துத் துறைமுகத்தைக் கண்ட மூத்தவர்கள் யாராவது இருந்தால், அந்தக் காட்சியை அவர்களிடம் காட்டிக் கேட்டு எழுதுங்கள். குரலை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.