கொடுமுடியிலிருந்து ஒரு குரல்

ஜப்பானில் யமகுச்சி மொமோயே என்று ஒரு பாடகி இருந்தார். 1973ல் சின்னப் பெண்ணாகப் பாட வந்து, மறு வருஷமே சினிமாவில் கதாநாயகியாகி, நாட்டையே கட்டிப்போட்டவர். 1980ல், 21 வயதில், தன்னோடு நடித்தவரையே கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டு இறங்கினார். அதன் பிறகு திரும்பவே இல்லை.

அதே 1980ல்தான் நம்முடைய கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் காலமானார். பாட்டில் தொடங்கி நடிப்புக்கு வந்தவர்தான் இவரும். ஆனால் இவர் கதை வேறு மாதிரி.

திருச்சியிலிருந்து ஈரோடு பாசஞ்சரில் போனவர்களுக்குக் கொடுமுடி ஸ்டேஷன் தெரியாமல் இருக்காது. அங்கே 1908ல், வறுமையான குடும்பத்தில் பிறந்தார். ரயிலில் பாடிக் காசு வாங்கிய குழந்தை, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தது. மைக் இல்லாத காலம். கடைசி வரிசை வரை கேட்கிற குரல்தான் முதல்.

1926ல் கொழும்பு மேடையில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். மறு வருஷம் இருவரும் மணந்தார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. பின்னால் மனக்கசப்பு வந்து பிரிவும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் இறந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று முதல் வெள்ளைக் கதர்தான். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதமும் எடுத்தார்.

ஜோடி இல்லாமல் நடிகைக்கு என்ன பிழைப்பு என்று யாரும் கேட்டிருப்பார்கள். 1935ல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அழைப்பு வந்தது. தட்டிக் கழிக்கத்தான் ஒரு லட்சம் கேட்டார் என்பார்கள். தயாரிப்பாளர் அதையும் கொடுத்துவிட்டார்! வேடமோ ஆண் வேடம், நந்தனாரே அவர்தான். ஜோடிப் பேச்சுக்கே இடமில்லை. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்.

பிற்பாடு வந்த வேடங்களையும் வரிசையாகப் பாருங்கள்: 1940ல் மணிமேகலை, 1953ல் ஜெமினியின் ஔவையார், 1964ல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1965ல் திருவிளையாடலில் மறுபடியும் ஔவையார். எல்லாம் துறவிகள், கிழவிகள். சபதம் கடைசிவரை நின்றது. அதனால் வாய்ப்புக் குறையவில்லை. நடுவில் சென்னை மேல்சபையில் உறுப்பினராகவும் இருந்தார். 1969ல் வந்த 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது; 1970ல் பத்மஸ்ரீ.

நம் ஊர்க்காரராகவே ஆகிவிட்ட தியாகராஜ பாகவதரும் பாட்டால் புகழின் உச்சிக்கு ஏறியவர்தான். 1944ல் கைதான பிறகு பழைய நிலை அவருக்குத் திரும்பவே இல்லை. பெரிய அடி விழுந்த பிறகும் தன் நிபந்தனையின் பேரிலேயே திரும்பி வந்து, கிட்டத்தட்ட 40 வருஷம் நின்றவர் அம்மையார்.

அந்தக் காலத்தில் 25 வயதில் கணவனை இழந்த பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைப்பதுதான் வழக்கம். நம் பாட்டிமார், அத்தைமார் பலர் அப்படித்தான் வாழ்ந்து போனார்கள். வெள்ளைப் புடவை அவர்களுக்கும் இருந்தது, இவருக்கும் இருந்தது. இவர் அதை உடுத்திக்கொண்டே மேடையேறிப் பாடினார். அடுத்த முறை டி.வி.யில் ஔவையார் முருகனைச் சமாதானம் செய்யும் காட்சி வந்தால், பேரன் பேத்திகளிடம் இதையும் சொல்லுங்கள்.