உவர்மண்ணில் வேரூன்றிய சீமைக்கருவேலம்

செட்டிநாட்டுச் செம்மண் மேட்டிலிருந்து கிழக்கேயும் தெற்கேயும் இறங்கும் நிலம், இராமநாதபுரக் கடற்கரையை நெருங்க நெருங்க, உப்பு மிகுந்த உவர்நிலமாகவும், சோடியம் படிந்து இறுகிய களர்நிலமாகவும் பல இடங்களில் மாறுகிறது. இத்தகைய மண்ணில் மரக்கன்றுக்கு நேரும் துன்பம் இருவகைப்படும்: மண்ணீரில் கரைந்த உப்பு, ஈரம் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாதபடி தடுக்கிறது; உள்ளே புகுந்த சோடியமும் குளோரைடும் இலை விளிம்பைக் கருக்குகின்றன. கோடையில் நீர் ஆவியாகும்போது உப்பு மேல்மண்ணில் திரள்வதால், வேர் ஆழமாகாத இளங்கன்றே முதலில் மடிகிறது; ஐப்பசி மழை அவ்வுப்பைக் கீழே கழுவிச்செல்லும் சில வாரங்களே அதற்குக் கிடைக்கும் அவகாசம்.

அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட சீமைக்கருவேலம், ஆணிவேரை விரைந்து ஆழத்தில் இறக்கி இந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டது. 1877ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் நடப்பட்ட இம்மரம், பின்னர் விறகுக்காகத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலும் பரப்பப்பட்டது. காய்களைத் தின்ற ஆடுமாடுகள் எஞ்சிய வேலையைச் செய்தன. மானாமதுரை, இளையான்குடி வட்டாரங்களில் கரிமூட்டம் ஏழைக் குடும்பங்களுக்குப் பிழைப்பளித்தது என்பதையும், கண்மாய்களின் உட்பரப்பை அம்மரமே அடைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மையான வரலாறு. சீமைக்கருவேலத்தை அகற்றும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் கண்டிப்பான ஆணைகளைப் பிறப்பித்தது.