ஆனைகட்டி எல்லையும் ஆயுத உரிமமும்

கோயம்புத்தூர் மாவட்டமும் அட்டப்பாடியும் சந்திக்கும் ஆனைகட்டி, 1956 நவம்பர் 1 அன்று அட்டப்பாடி அடங்கிய மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்தோடு இணைந்தபோது, மாவட்ட எல்லை என்ற நிலையிலிருந்து மாநில எல்லையாக மாறியது. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இம்மாற்றத்தின் பொருள் என்ன என்பதை அறிய, ஆயுதச் சட்டத்தின் வரலாற்றுக்குச் செல்ல வேண்டும்.

வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டு, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அது வெளிப்படையான அநீதி. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் ஏந்துவதைக் குடிமக்களின் உரிமையாகவே அறிவித்தது. எனினும் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே தந்தது.

ஆயுதம் உரிமத்துக்கு உட்பட்டதாகவே நீடித்ததால், ஒரு மாநிலத்தின் உரிமம் எல்லை தாண்டிச் செல்லுமா என்பதே கேள்வி. அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து ஏந்தும் அனுமதியை மாநிலங்கள் தனித்தனியே வழங்குவதால், ஒன்றின் அனுமதியை மற்றொன்று ஏற்க வேண்டுமா என்பது அரசியலமைப்புச் சிக்கலாகியுள்ளது; ஏற்கக் கட்டாயப்படுத்தும் மசோதா 2017இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைக் கடக்கவில்லை. இந்தியாவிலோ அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியல், அதாவது நாடாளுமன்றம் மட்டுமே சட்டமியற்றும் துறைகளின் பட்டியல், தனது 5ஆம் இனத்தில் ஆயுதங்களைச் சேர்த்திருப்பதால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே ஆனைகட்டியின் இருபுறமும் செல்லும். ஆனால் மாவட்ட நிர்வாகம் வழங்கும் உரிமத்தில் செல்லுபடியாகும் பரப்பு குறிக்கப்படுகிறது. தமிழ்நாட்டுக்கு மட்டும் வழங்கப்பட்ட உரிமம் அட்டப்பாடிக்குள் செல்லாது.