சேர்த்த சர்க்கரை, சேர்க்காத சர்க்கரை

போன வாரம் நண்பர் ஒருவர், 'உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை' என்ற கலைக்களஞ்சியக் கட்டுரையின் வரைவை அனுப்பி, "கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்க"ன்னு கேட்டார். நான் மருத்துவனும் இல்லை, உணவியல் படித்தவனும் இல்லை. கோட் ரிவ்யூ செய்து பழகியவன். அந்தப் புத்தியோடுதான் வாசித்தேன். மூன்று இடங்களில் நின்றுவிட்டேன்.

முதலாவது, வரையறை. 'சேர்க்கப்பட்ட சர்க்கரை', 'கட்டற்ற சர்க்கரை' ரெண்டையும் ஒன்றாகவே எழுதியிருந்தார்கள். அமெரிக்காவின் எஃப்டிஏ 2016ல் லேபிளில் கொண்டுவந்தது முதல் வகை. தயாரிக்கும்போது போடுகிற சீனி, பாகு, தேன் எல்லாம் இதில் வரும். 2000 கலோரி கணக்கில் நாளுக்கு 50 கிராம் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2015ல் பேசியது இரண்டாவது வகை. அதில் பழச்சாற்றில் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் சேரும். மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5க்கும் கீழே இருக்கணும். சீனி போடாமல் பிழிந்த ஆரஞ்சுச் சாறு முதல் கணக்கில் பூஜ்யம், இரண்டாவதில் அத்தனையும் கணக்கு. ஒரே பெயரில் ரெண்டு மாறிகளை வைத்தால் புரோகிராம் என்ன பாடுபடுமோ அதுதான் இங்கேயும்.

இரண்டாவது, வரலாறு. "1967ல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் காசு வாங்கி உண்மையை மறைத்தார்கள்" என்று ஒரே வரி. நடந்தது இதைவிடச் சிக்கல். இதய நோய்க்குக் காரணம் கொழுப்பா, சர்க்கரையா என்ற சண்டை அப்போதே நடந்துகொண்டிருந்தது. லண்டனில் ஜான் யட்கின் சர்க்கரையைச் சந்தேகித்தார். அமெரிக்காவில் ஆன்சல் கீஸ் கொழுப்பைச் சொன்னார். சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு 6,500 டாலர் கொடுத்து ஹார்வர்டில் ஒரு ஆய்வுத் தொகுப்பை எழுத வைத்தது. அது 1967ல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரைக்கு எதிரான ஆய்வுகளைக் கடுமையாக விமர்சித்தது. சர்க்கரை ஆலைகளின் அமைப்பு காசு கொடுத்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பல் மருத்துவரான கிறிஸ்டின் கியர்ன்ஸ் பழைய கடிதங்களைத் தோண்டி, சக ஆய்வாளர்களோடு 2016ல் இதை வெளியிட்டார்.

ஆனால் 2018ல் ரெண்டு வரலாற்றாய்வாளர்கள் மறுப்பு எழுதினார்கள். அந்தக் காலத்தில் தொழில்துறைப் பணம் வாங்குவது சகஜம், பால் துறையிலிருந்தும் பணம் வந்தது, சதி என்று சொல்ல ஆதாரம் போதாது என்பது அவர்கள் வாதம். என் கருத்தில், பணத்தை மறைத்தது தப்புதான், ஆனால் அதை மட்டும் வைத்து அரை நூற்றாண்டு ஊட்டச்சத்து அறிவியலை விளக்கிவிட முடியாது. கலைக்களஞ்சியம் ரெண்டு பக்கத்தையும் சொல்லணும்.

மூன்றாவதுதான் என்னை உறுத்தியது. கட்டுரை முழுக்க 'வெள்ளைச் சர்க்கரை'தான். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று ஒரு சொல்கூட இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 12 வருஷம் ஆகிறது. காபியில் சீனியை நிறுத்திவிட்டு, "இது இயற்கைதானேடா"ன்னு கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டுக்கொண்டார். மூன்று மாதச் சராசரி குறையவே இல்லை. கருப்பட்டியில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். காபியில் போட்டால் அதுவும் சேர்க்கப்பட்ட சர்க்கரைதான். நம் மொழியில் பொருளும் சர்க்கரை, நோயும் சர்க்கரை. அப்படியிருந்தும் நிறம் மாறினால் நமக்குச் சந்தேகம் போய்விடுகிறது.

இந்த மூன்றையும் திருத்தி அனுப்பினேன். கருப்பட்டிப் பத்தியை மட்டும் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை வாசித்தார். "இதை முதல்லயே எழுதியிருக்கலாமே" என்றார். நான்தான் எழுதினேன் என்று சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார்.