நகலும் தேதியும்

அருங்காட்சியக இயக்குநர் என்றால் பழையதைப் பூட்டிக் காப்பவர் என்ற எண்ணம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. அதை அசைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனைச் சேர்ந்த போந்துஸ் ஹுல்தேன் (1924–2006). ஸ்டாக்ஹோமில் கடற்படையின் பழைய பயிற்சிக்கூடத்தில் 1958இல் திறக்கப்பட்ட மொடெர்னா மியூசேட்டை 1973 வரை வளர்த்தெடுத்த அவர், பிறகு பாரிஸ் சென்று பொம்பிடு மையத்தின் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு முதல் இயக்குநரானார். கலைப்பொருளைவிட அதற்குப் பின்னுள்ள எண்ணமே பெரிது என்று அவர் நம்பினார். அவரது சாதனையும் சறுக்கலும் அந்த ஒரே நம்பிக்கையிலிருந்து கிளைத்தவை.

சாதனையை முதலில் பார்ப்போம். மார்செல் துஷாம்பின் ‘பெரிய கண்ணாடி’ விரிசல் விட்ட படைப்பு. ஃபிலடெல்ஃபியாவை விட்டு நகர்த்த முடியாதது. மொடெர்னா மியூசேட்டில் 1961இல் நடந்த அசைவுக்கலைக் கண்காட்சிக்காக விமர்சகர் உல்ஃப் லிண்டே அதற்கு ஒரு நகல் செய்தார். துஷாம்பே நேரில் வந்து அதில் கையெழுத்திட்டார். ரஷ்யக் கலைஞர் தாத்லின் வடிவமைத்து, கட்டப்படாமலே போன கோபுரத்துக்கு 1968இல் மாதிரி ஒன்று புதிதாக எழுப்பப்பட்டது. இவற்றுக்கு நடுவே, 1966இல், நீக்கி த சான் ஃபால், ழான் தாங்கெலி, பெர் ஊலோஃப் உல்ட்வெத் மூவரும் கூடத்துக்குள்ளேயே ஒரு பிரம்மாண்டப் பெண்ணுருவைக் கிடத்தினர். நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். கால்களுக்கிடையே நுழைந்தால் உள்ளே பால் விற்கும் கடை, குட்டித் திரையரங்கு. கண்காட்சி முடிந்ததும் அதை உடைத்து அகற்றிவிட்டார்கள்.

இது திருவிழாக் கூத்து, சேகரிப்பு என்ற அடிப்படைக் கடமையைக் கைவிடுவது என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆனால் 1963–64இல் அவர் நடத்திய ‘ஆசை அருங்காட்சியகம்’ இதற்கு மறுப்பு. நாட்டிடம் இருக்க வேண்டியவை என்று கருதிய படைப்புகளை இரவல் வாங்கிச் சுவர்களில் மாட்டினார், மக்கள் பார்த்தார்கள், அரசு 50 லட்சம் குரோனர் ஒதுக்கியது. கண்காட்சியே மனுவாக வேலை செய்தது. ஆக, சேகரிப்புக்குப் பணம் கொண்டுவந்ததும் காட்டும் கலைதான்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. 1968இல் மொடெர்னா மியூசேட்டின் ஆண்டி வார்ஹோல் கண்காட்சியில், சோப்புப் பஞ்சு விற்கும் ப்ரில்லோ நிறுவனத்தின் அசல் அட்டைப்பெட்டிகளே நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டன. வார்ஹோல் 1987இல் இறந்தார். 1990இல் ஹுல்தேன் மால்மோ தச்சர்களைக் கொண்டு அதே ப்ரில்லோ வடிவில் நூற்றுக்கும் மேற்பட்ட மரப்பெட்டிகளைச் செய்வித்தார். பின்னர் அவற்றில் சில, 1968இல் செய்தவை என்ற அவரது சான்றோடு விற்பனைக்குப் போயின. 2007இல், அவர் மறைந்த மறுவருடம், ‘எக்ஸ்பிரசன்’ நாளிதழ் இதை வெளிக்கொணர்ந்தது.

வார்ஹோலே தன் கை படுவதைப் பொருட்படுத்தியவரல்லர். அப்படியிருக்க இதில் என்ன குற்றம் என்று ஹுல்தேனுக்காக வாதாடுவோர் உண்டு. அந்த வாதம் நகல் செய்ததை நியாயப்படுத்தலாம், தேதியை நியாயப்படுத்தாது. லிண்டேயின் கண்ணாடியும் நகல்தான், ஆனால் யார், எப்போது செய்தார்கள் என்பதை அது மறைக்கவில்லை. அதனாலேயே அதற்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. மால்மோ பெட்டிகளில் 1990 என்று எழுதியிருந்தால் வார்ஹோலின் எண்ணத்துக்கு எந்தக் குறையும் வந்திராது. குறைந்திருப்பது விலை மட்டுமே. பொருளைவிட எண்ணமே பெரிது என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டவர், அந்த ஒரு சான்றிதழில் பொருளின் பக்கம் சாய்ந்துவிட்டார்.